பள்ளியும் ஹள்ளியும்

நுழையும் முன்

பள்ளியில் நடப்பது வீட்டுக்குத் தெரிய வேண்டும்; வீட்டாரின் எண்ணம் பள்ளிக்கு எட்ட வேண்டும். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் வழங்கும் குடும்பங்களில் இவ்விரண்டும் எளிதாக நிகழ்வதில்லை. அத்தகைய குடும்பங்களுக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள உறவை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

1. ஒரு சொல், இரு பொருள்

பெங்களூரின் நகரப் பேருந்தில் செல்வோர் ஒரு சொல்லை மீண்டும் மீண்டும் கேட்பர். ஜாலஹள்ளி, பொம்மனஹள்ளி, மாரத்தஹள்ளி என அந்நகரின் பல பகுதிகளின் பெயர்கள் 'ஹள்ளி' என்று முடிகின்றன. கன்னட மொழியில் 'ஹள்ளி' என்றால் சிற்றூர் என்பது பொருள். இன்று உயர்ந்த கட்டடங்கள் நிற்கும் இடங்கள் ஒருகாலத்தில் வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூர்களாக இருந்தன என்பதற்கு இப்பெயர்களே சான்று.

இச்சொல் தமிழ்க் குழந்தைகளுக்குப் புதியதன்று. தமிழில் 'பால்' என்பது கன்னடத்தில் 'ஹாலு' ஆகும். 'புலி' என்பது 'ஹுலி' ஆகும். 'பல்' என்பது 'ஹல்லு' ஆகும். பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகர ஒலி பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது. அவ்வாறே பழைய 'பள்ளி' என்னும் சொல்லும் 'ஹள்ளி' ஆயிற்று.

தமிழிலும் 'பள்ளி' என்னும் சொல்லுக்குச் சிற்றூர் என்ற பொருள் பழங்காலத்தில் இருந்தது. சமணத் துறவியர் தங்கிய இடத்தையும் அச்சொல் குறித்தது. அவ்விடங்களில் கல்வியும் கற்பிக்கப்பட்டது. ஆதலால் கல்விக்கூடத்துக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று என்று அறிஞர் கூறுவர்.

இவ்வாறு ஒரே சொல் தமிழர்க்குக் கல்விக்கூடத்தையும் கன்னடர்க்கு ஊரையும் குறித்து நிற்கிறது. பொருளால் பிரிந்த இவ்விரண்டும் உண்மையில் பிரியக்கூடாதவை. ஊரார் எட்டிப் பார்க்காத பள்ளி தளர்ந்துபோகும். பள்ளியைத் தன்னுடையதாக எண்ணும் ஊரில் பிள்ளைகள் துணிவுடன் கற்பர்.

2. மடித்து வைத்த அறிவிப்பு

ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம்.

பெங்களூரின் புறநகரில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. அங்கே நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி படிக்கிறாள். அவளுடைய பெற்றோர் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். தந்தை கொத்தனார்; தாய் சித்தாள். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் கற்பது கன்னடம். இரண்டையும் அச்சிறுமி தடையின்றிப் பேசுவாள். அவளுடைய தாய்க்குக் கடையில் பொருள் வாங்கும் அளவுக்குத்தான் கன்னடம் வரும்.

ஒரு புதன்கிழமை மாலை வகுப்பாசிரியை எல்லா மாணவர்க்கும் ஒரு தாளைக் கொடுத்தார். அதன் மேற்பகுதியில் 'போஷகர சபெ' என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. பெற்றோர் கூட்டம் என்பது அதன் பொருள். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் அனைவரும் வர வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

சிறுமி அத்தாளை நான்காக மடித்துக் கணக்கு ஏட்டின் அட்டைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. சென்ற முறை நடந்த கூட்டத்தில் அவளுடைய தாய் கதவோரம் நின்றுவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் திரும்பியிருந்தாள். மற்ற குழந்தைகளின் பெற்றோர் ஆசிரியையுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைச் சிறுமி அன்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை இரவு அந்தத் தாள் தாயின் கண்ணில் பட்டது.

"இது என்ன, கண்ணு?"

"ஒன்றும் இல்லை, அம்மா. ஏதோ கூட்டமாம். உனக்கு அங்கே பேச வராதே. நீ வரவேண்டா."

தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமாம், அவர்கள் பேச்சு எனக்கு வராதுதான்" என்றாள். தாளின் மடிப்புகளைக் கையால் நீவிச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் பின்னே செருகி வைத்தாள்.

இச்சிறுமி தாயின் மீது அன்பில்லாதவள் அல்லள். பேச வராதவருக்குப் பள்ளியில் இடமில்லை என்று அவள் எண்ணிவிட்டாள். அவளுடைய தாயும் அவ்வாறே எண்ணினாள். அவ்வெண்ணம் சரியானதா என்பதே இங்கு எழும் வினா.

3. எழுத்தறியாதோர் எழுப்பிய பள்ளிகள்

இவ்வினாவுக்கு விடை தமிழ்நாட்டின் வரலாற்றில் உண்டு.

1954 முதல் 1963 வரை தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தவர் காமராசர். இளமையில் தந்தையை இழந்ததனால் அவருடைய பள்ளிப் படிப்பு இடையிலேயே நின்றது. படிக்க இயலாமற்போன அவர், எல்லாக் குழந்தைகளும் படிக்க வேண்டும் என்று விரும்பினார். சிற்றூர்கள்தோறும் தொடக்கப் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆயினும் பல பள்ளிகளில் உட்காரப் பலகை இல்லை. எழுதக் கரும்பலகை இல்லை. மழைக்கு ஒதுங்க நல்ல கூரையும் இல்லை. அரசின் பணம் மட்டும் இத்தனைக்கும் போதவில்லை.

அக்காலத்தில் பொதுக் கல்வி இயக்குநராகப் பணியாற்றியவர் நெ. து. சுந்தரவடிவேலு. ஊராரைப் பள்ளிக்குள் அழைத்துவந்தால் இக்குறைகள் தீரும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கையிலிருந்து பள்ளிச் சீரமைப்பு இயக்கம் பிறந்தது. 1958ஆம் ஆண்டு, அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூர் வட்டாரத்தில் அது தொடங்கியது.

இயக்கம் நடந்த முறை எளிமையானது. முதலில் ஆசிரியரும் ஊராரும் கூடித் தம் பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் எழுதினர். பிறகு பல ஊர்ப் பள்ளிகளும் சேர்ந்து ஒரு மாநாடு நடத்தின. அம்மாநாட்டில் ஊரார் தம்மால் இயன்றதைப் பள்ளிக்கு வழங்கினர். நிலம் உடையவர் நிலம் தந்தார். பொருள் உடையவர் கட்டடம் கட்டித் தந்தார். மற்றவர்கள் பலகை, மணி, கடிகாரம், நிலப்படம், குடிநீர்ப் பானை, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை எனத் தந்தனர். தருவதற்குப் பொருள் இல்லாதவர் உடலுழைப்பைத் தந்தனர், சுவருக்கு வெள்ளையடித்தனர், வேலி கட்டினர்.

பள்ளி மதிய உணவின் தொடக்கமும் இத்தகையதே. பசியுடன் வரும் குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதைக் காமராசர் அறிந்திருந்தார். 1956ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் அது ஊராரின் கொடையை நம்பியே நடந்தது. அரிசி தந்தவரும் காய்கறி தந்தவரும் விறகு தந்தவரும் பலர். பிறகு அரசும் செலவில் பங்கேற்றது. திட்டம் மாநிலம் முழுவதும் பரவியது.

இங்கே கருதத்தக்க உண்மை ஒன்று உண்டு. அன்று பலகை தந்தவர்களிலும் அரிசி தந்தவர்களிலும் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பள்ளியின் பாடநூலை அவர்களால் படிக்க முடியாது. ஆயினும் அப்பள்ளிகள் அவர்களாலேயே நிலைபெற்றன. எழுத்து அறியாமை பள்ளிக்குள் வருவதற்கு அன்று தடையாக இருக்கவில்லை. மொழி அறியாமையும் இன்று தடையாக இருக்க வேண்டியதில்லை.

4. சட்டம் தரும் இடம்

அன்று ஊரார் பள்ளிக்குச் செய்தது கொடையாக இருந்தது. இன்று பெற்றோர் பள்ளியில் பங்கேற்பது உரிமையாக உள்ளது.

கர்நாடக அரசு, தொடக்கக் கல்வியைச் சீராக்கும் வழிகளை ஆராய அணு அறிவியலாளர் ராஜா ராமண்ணா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் பரிந்துரையை ஒட்டி, 2001ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகள்தோறும் 'பள்ளி வளர்ச்சி மற்றும் கண்காணிப்புக் குழு' உருவாக்கப்பட்டது. ஆங்கில எழுத்துகளால் சுருக்கி 'எஸ்.டி.எம்.சி.' என்று பெங்களூரில் அதனை வழங்குவர். ஊர்ப் பெரியவர்களுக்கு மட்டும் என்று இல்லாமல், அப்பள்ளியில் பயிலும் குழந்தைகளின் பெற்றோர்க்கே அக்குழுவில் முதன்மை தரப்பட்டது.

இந்திய நாடாளுமன்றம் 2009ஆம் ஆண்டு குழந்தைகளுக்கான கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி அடிப்படை உரிமை என்பதை அச்சட்டம் செயற்படுத்துகிறது. அச்சட்டம் கூறும் செய்திகளுள் மூன்று இங்கு நினைக்கத்தக்கவை.

முதலாவது, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அக்குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும். இரண்டாவது, குழுவினரில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கும் உரிய பங்கு அளிக்கப்பட வேண்டும். மூன்றாவது, வேலை தேடி இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் பள்ளியில் சேர்க்கப்படுவதை உள்ளாட்சி அமைப்பு உறுதிசெய்ய வேண்டும்.

பள்ளி நடைபெறும் முறையைக் கவனிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும், பள்ளிக்கு வரும் பணம் சரியாகச் செலவிடப்படுகிறதா என்று பார்ப்பதும் இக்குழுவின் பணிகள். இக்குழுவில் இடம்பெறுவோர் இன்ன மொழி பேச வேண்டும் என்றோ, இவ்வளவு படித்திருக்க வேண்டும் என்றோ அச்சட்டம் கூறவில்லை. அப்பள்ளியில் ஒரு குழந்தை படிப்பதே பெற்றோர்க்குப் போதிய தகுதியாகும்.

கர்நாடகத்தில் குழந்தைகளும் தம் கருத்தைக் கூறும் அவை ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு முதல் அங்குள்ள கிராம ஊராட்சிகளில் 'மக்கள கிராம சபெ' நடைபெற்று வருகிறது. கன்னடத்தில் 'மக்களு' என்றால் குழந்தைகள். தமிழிலும் 'மக்கட்பேறு' என்னும் சொல்லில் மக்கள் என்பது குழந்தைகளையே குறிக்கிறது. அச்சபையில் குழந்தைகள் எழுந்து நின்று, பள்ளியில் கழிப்பறை இல்லை, வரும் வழியில் விளக்கு இல்லை, நூலகம் வேண்டும் என்று தம் குறைகளைப் பெரியவர்முன் எடுத்துரைக்கின்றனர்.

5. இடம்பெயர்வோருக்காகத் தோன்றிய பள்ளிகள்

மத்தியப் பள்ளிகளின் வரலாறும் இடப்பெயர்ச்சியோடு தொடர்புடையதே. படைவீரர்களும் மத்திய அரசு ஊழியர்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுவர். அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பு ஒவ்வொரு முறையும் தடைப்பட்டது. இக்குறையை நீக்க 1963ஆம் ஆண்டு, படைப்பிரிவுகளின் பொறுப்பில் இருந்த 20 பள்ளிகள் மத்தியப் பள்ளிகளாக மாற்றப்பட்டன. இன்று நாடெங்கும் பரவியுள்ள கேந்திரிய வித்யாலயங்கள் இவ்வாறு தோன்றியவை. ஆகவே, தாய்மண்ணைவிட்டு வந்த குடும்பம் என்பது இப்பள்ளிகளுக்குப் புதியதன்று.

இப்பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களிலும் பெற்றோர் இடம்பெறுகின்றனர். தொடக்க வகுப்புகளில் குடும்பத்தாரைப் பள்ளிக்கு அழைக்கும் நிகழ்ச்சிகளும் நடைபெறுகின்றன. தாத்தா பாட்டி நாளன்று முதியோர் வந்து கதை சொல்வர். பழைய விளையாட்டுகளைக் கற்பிப்பர். கூட்டு உணவு நாளில் பிள்ளைகள் தத்தம் வீட்டு உணவைப் பகிர்ந்து உண்பர். ஒரே விரிப்பில் புளியோதரையும் பிசிபேளேபாத்தும் ஆலு பராத்தாவும் அருகருகே இருக்கும். ஒரு பாட்டிக்கு இந்தியோ ஆங்கிலமோ தெரியாமல் இருக்கலாம். பல்லாங்குழிப் பலகையில் அவர் காய்களை அள்ளிப் போடும்போது, சுற்றி அமர்ந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அவ்விளையாட்டு விளங்கிவிடுகிறது.

6. வீட்டில் இருக்கும் அறிவு

பெற்றோர் பள்ளிக்குப் பொருள் மட்டுமே தர முடியும் என்று எண்ணுதல் தவறு. அவர்கள் அறிவையும் தர முடியும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்னும் நகரம் உள்ளது. அங்கே மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அக்குடும்பங்களில் வழங்குவது ஸ்பானிய மொழி. பள்ளியில் முதன்மை பெற்றது ஆங்கிலம். லூயிஸ் மோல் என்னும் கல்வியாளரும் அவருடைய குழுவினரும் ஒரு முயற்சியை மேற்கொண்டனர். ஆசிரியர்கள் தம் மாணவர்களின் வீடுகளுக்குச் சென்றனர். அறிவுரை கூறுவதற்காக அவர்கள் செல்லவில்லை. கேட்டு அறிவதற்காகவே சென்றனர்.

அவ்வீடுகளில் அவர்கள் பெரும் அறிவுச் செல்வத்தைக் கண்டனர். பயிர்த்தொழில், கால்நடை வளர்ப்பு, கட்டடவேலை, மூலிகை மருத்துவம், வணிகக் கணக்கு எனப் பலவற்றை அக்குடும்பத்தினர் அறிந்திருந்தனர். ஒரு மாணவன் மெக்சிக்கோ நாட்டு மிட்டாய்களை அக்கம்பக்கத்தில் விற்றுவந்தான். அதனை அறிந்த ஆசிரியை, மிட்டாயையே பாடப்பொருளாக்கினார். மாணவர்கள் அதன் பொருள்களை ஆராய்ந்தனர். இருநாட்டு மிட்டாய்களையும் ஒப்பிட்டனர். ஒரு மாணவரின் தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார். அன்று அவரே ஆசிரியையாக விளங்கினார். இச்செய்திகளை அக்குழுவினர் 1992ஆம் ஆண்டு ஒரு கட்டுரையாக வெளியிட்டனர்.

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இத்தகைய செல்வம் உண்டு. கொத்தனார் தூக்குக்குண்டைக் கொண்டு சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிறார். மூலைமட்டத்தால் செங்கோணத்தை அளக்கிறார். சித்தாள் சிமெண்டும் மணலும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதை அறிவார். பூ விற்பவர் முழத்தால் அளந்து விலை சொல்கிறார். தையல்காரர் துணியை வீணாக்காமல் வெட்டும் முறையை அறிவார். கணக்குப் பாடத்தில் வரும் கோணமும் விகிதமும் அளவும் இவ்வீடுகளில் நாள்தோறும் பயன்படுகின்றன. பள்ளி அதனைக் கேட்டறிய வேண்டும்; பிள்ளைகள் அதனைப் பெருமையுடன் சொல்ல வேண்டும்.

7. செய்தியைச் சுமப்பவர்

பள்ளிக்கும் வீட்டுக்கும் வேறு வேறு மொழி இருக்கும்போது, செய்தியைச் சுமப்பவர் பெரும்பாலும் குழந்தையே. ஆசிரியர் தரும் அறிவிப்பு குழந்தையின் பையில் ஏறி வீட்டுக்கு வருகிறது. இந்நாளில் அது கைபேசியிலும் வருகிறது; ஆயினும் அதனைப் படித்துப் பொருள் சொல்பவர் குழந்தையாகவே இருக்கிறார். இது சிறிய பணி அன்று. நாள் மாறிச் சொன்னால் பெற்றோர் கூட்டத்துக்கு வர இயலாது. சொல்லாமல் விட்டால், பள்ளிக்கு வர விருப்பமில்லாத பெற்றோர் என்று அவர்களை ஆசிரியர் எண்ணக்கூடும். குற்றம் எவரிடமும் இல்லாமலே இடைவெளி வளரும்.

செய்தி சுமப்பவர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகள் சில உண்டு. கிடைத்த அன்றே செய்தியைச் சொல்ல வேண்டும். என்ன நிகழ்ச்சி, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எவர் வர வேண்டும் என்னும் ஐந்தையும் சொல்ல வேண்டும். மதிப்பெண் குறைந்தது போன்ற விரும்பாத செய்தியையும் மறைத்தல் கூடாது. பொருள் விளங்காத சொல்லை ஊகித்துச் சொல்லாமல், ஆசிரியரிடம் கேட்டறிந்து சொல்ல வேண்டும். பெற்றோர் கூறும் மறுமொழியைக் கூட்டாமல் குறைக்காமல் பள்ளிக்குச் சொல்ல வேண்டும்.

இச்சுமை முழுவதையும் குழந்தையே தாங்க வேண்டும் என்பதில்லை. பெற்றோர் அறிந்த மொழியிலும் அறிவிப்பை எழுதுவது பள்ளியால் இயலும். இரு மொழியும் அறிந்த மற்றொரு பெற்றோர் கூட்டத்தில் துணைநிற்கலாம். மருத்துவம், பணம் போன்ற பெரிய செய்திகளைப் பெரியவர் வழியாகவே சொல்லுதல் நன்று.

8. சனிக்கிழமை

மீண்டும் அச்சிறுமியின் வீட்டுக்குச் செல்லலாம்.

சனிக்கிழமை காலை. தாய் வேலைக்குப் புறப்படவில்லை. அரைநாள் வேலைக்குச் செல்லாவிட்டால் அரைநாள் கூலி போய்விடும். ஆயினும் அவள் நாள்காட்டியின் பின்னே செருகிய தாளை எடுத்துக்கொண்டாள்.

"நான் சொல்வதை நீ அவர்கள் மொழியில் சொல்வாயா?" என்று மகளைக் கேட்டாள். சிறுமி தலையசைத்தாள்.

கூட்டத்தில் தலைமையாசிரியர் பள்ளிச் செய்திகளை எடுத்துரைத்தார். பிறகு, பெற்றோர் தம் கருத்தைக் கூறலாம் என்றார். கதவோரம் நின்றிருந்த தாய் ஓரடி முன்னே வந்தாள்.

"என் மகள் காலையில் கொண்டுவரும் தண்ணீரை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். மதியத்துக்குப் பிறகு பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லையாம். அதற்கு அஞ்சியே அவள் நாள்முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை."

சிறுமி திகைத்தாள். அது அவளைப் பற்றிய செய்தி. எல்லார் முன்னிலையிலும் அதனை அவளே சொல்ல வேண்டியிருந்தது. அவள் தாயை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு சொல்லும் விடாமல் கன்னடத்தில் சொல்லி முடித்தாள்.

அறையில் அமைதி நிலவியது. முன்வரிசையில் அமர்ந்திருந்த கன்னடத் தாய் ஒருவர் திரும்பிப் பார்த்து, "நன்ன மகளூ ஹாகே" என்றார். என் மகளும் அப்படித்தான் என்பது அதன் பொருள். 'மகள்' என்னும் அச்சொல்லைத் தாய்க்கு எவரும் மொழிபெயர்க்கவில்லை. அவள் அதனைப் புரிந்துகொண்டு தலையசைத்தாள். மேலும் இரு பெண்கள் அவ்வாறே கூறினர்.

தண்ணீர்த் தொட்டியைச் சீர்செய்வது பற்றிய தீர்மானம் குழுவின் ஏட்டில் எழுதப்பட்டது. கூட்டத்துக்கு வந்தவர்கள் அதன் கீழே ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டனர். கன்னடக் கையெழுத்துகளின் நடுவே அத்தாய் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். பள்ளியின் ஏட்டில் தன் தாயின் பெயரை அச்சிறுமி அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள்.

அருஞ்சொற்பொருள்

சித்தாள் – கட்டடவேலையில் கொத்தனாருக்கு உதவும் தொழிலாளி
திரிதல் – மாறுதல்
உறைவிடம் – தங்கும் இடம்
நீவுதல் – கையால் தடவிச் சீராக்குதல்
காப்பாளர் – பெற்றோர் இடத்தில் இருந்து குழந்தையைப் பேணுபவர்
நலிந்த – வலிமை குறைந்த
மேலாண்மை – நிருவாகம்
தூக்குக்குண்டு – சுவர் நேராக உள்ளதா என்று பார்க்கும் நூல் கட்டிய குண்டு
விகிதம் – ஒன்றுக்கு மற்றொன்று எவ்வளவு என்னும் அளவு
தீர்மானம் – கூட்டத்தில் எடுக்கப்படும் முடிவு

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. தமிழில் 'புலி' என்பது கன்னடத்தில் ______ எனப்படும்.
2. மதிய உணவுத் திட்டம் 1956ஆம் ஆண்டு ______ என்னும் ஊரில் தொடங்கப்பெற்றது.
3. பள்ளிச் சீரமைப்பு இயக்கம் ______ வட்டாரத்தில் தொடங்கியது.
4. பள்ளி மேலாண்மைக் குழுவில் ______ பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளர் ஆவர்.
5. மத்தியப் பள்ளிகள் ______ ஆம் ஆண்டு தோன்றின.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'பள்ளி' என்னும் சொல் பழங்காலத்தில் எவற்றைக் குறித்தது?
2. சிறுமி அறிவிப்பை ஏன் மறைத்து வைத்தாள்?
3. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பொருள் இல்லாதவர் எதனைத் தந்தனர்?
4. டூசான் நகரத்து ஆசிரியர்கள் மாணவர்களின் வீடுகளுக்கு ஏன் சென்றனர்?
5. செய்தி சுமப்பவர் சொல்ல வேண்டிய ஐந்து குறிப்புகள் யாவை?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. கல்வி உரிமைச் சட்டம் பெற்றோர்க்கு அளிக்கும் இடத்தை விளக்குக.
2. தாய் கூறியதை மொழிபெயர்க்கும்போது சிறுமியின் மனநிலை எவ்வாறு இருந்திருக்கும்? அவள் ஏன் ஒரு சொல்லையும் விடவில்லை?
3. "பேச வராதவருக்குப் பள்ளியில் இடமில்லை" என்னும் எண்ணம் தவறு என்பதைப் பாடத்திலிருந்து இரு சான்றுகள் காட்டி நிறுவுக.

ஈ. மொழியோடு விளையாடு.
பின்வரும் கன்னடச் சொற்களுக்கு இணையான தமிழ்ச் சொற்களை எழுதுக. ஹகரத்தைப் பகரமாக மாற்றிப் பார்த்தால் விடை கிடைக்கும்.
ஹாலு, ஹல்லு, ஹூவு, ஹத்து, ஹாடு, ஹந்தி

உ. எழுதிப் பழகு.
உன் பள்ளியில் அண்மையில் வந்த ஓர் அறிவிப்பைத் தேர்ந்தெடு. உன் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கு விளங்கும்படி அதனைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக. அவரிடம் படித்துக் காட்டி, அவர் கூறும் மறுமொழியை அதன் கீழே எழுதுக.

ஊ. கேட்டு அறிக.
உன் குடும்பத்தினர் அல்லது அக்கம்பக்கத்தினர் ஒருவரிடம், அவர் செய்யும் தொழிலில் அளவும் கணக்கும் எங்கே பயன்படுகின்றன என்று கேட்டறிக. அதனை வகுப்பில் எடுத்துரைக்க.